பெருங்குடல் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனை... அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

கொலோனோஸ்கோபி முடிந்து, பயாப்ஸி முடிவும் வந்து, "பெருங்குடலில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம்" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அடுத்த சில நாள்களில் ஐந்தாறு டியூப்களில் ரத்தம் எடுக்கிறார்கள். அன்று மாலையே லேபிலிருந்து மொபைலுக்கு ரிப்போர்ட் வந்துவிடும். அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றத் தொடங்கும்.

ஒரு வீட்டில் 'சி.இ.ஏ 18' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. யாரோ இணையத்தில் தேடிப் பார்த்து, 'ரொம்ப அதிகமாம், முத்திப்போச்சு போல' என்கிறார்கள். இன்னொரு வீட்டில் அதே பரிசோதனையின் முடிவு 2. 'நார்மலாத்தானே இருக்கு... அப்போ ஆபரேஷன் எதுக்கு? வேற வைத்தியம் பார்க்கலாமே' என்று பேச்சு கிளம்புகிறது.

இரண்டு வீடுகளிலும் எடுத்த முடிவு தவறு. முதல் வீட்டில் வீண் பயம். இரண்டாவது வீட்டில் வந்திருப்பது உயிருக்கே ஆபத்தான நிம்மதி. இந்த எண்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம். அதைவிட முக்கியம், ஆபரேஷனுக்கு முன் கையில் இருக்கும் இரண்டு, மூன்று வாரங்களை நோயாளிக்குப் பயன்படும்படி மாற்றிக்கொள்ளலாம்.

எதற்காக இத்தனை டெஸ்ட்?

ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகள் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுகின்றன.

முதல் கேள்வி, இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா? ஹீமோகுளோபின், அல்புமின், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறையும் திறன் ஆகிய பரிசோதனைகள் இதற்காக.

இரண்டாவது கேள்வி, நோயின் போக்கு எப்படி இருக்கக்கூடும்? சி.இ.ஏ, சி.ஆர்.பி போன்றவை இதற்குக் கொஞ்சம் துப்புக் கொடுக்கும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து எடுக்கப்போகும் பரிசோதனைகளை எதோடு ஒப்பிடுவது? அதற்கான தொடக்கப் புள்ளி இன்று எடுக்கும் ரத்தம்தான். கட்டியை எடுத்துவிட்டால் அந்தப் புள்ளியைத் திரும்பப் பெற முடியாது.

சி.இ.ஏ: பெயர் பெற்ற பரிசோதனை

1965-ம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மேன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு புரதத்தைக் கண்டறிந்தார்கள். பெருங்குடல் புற்றுநோய்த் திசுக்களில் அது நிறைய இருந்தது. ஆரோக்கியமான பெரியவர்களின் குடலில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால், கருவில் வளரும் சிசுவின் குடலில் இருந்தது! தாய் வயிற்றில் இருக்கும்போது குடல் செல்கள் தயாரித்து, பிறகு பெருமளவு நிறுத்திவிடும் புரதத்தைப் புற்றுநோய் செல்கள் மறுபடியும் தயாரிக்கத் தொடங்குகின்றன. புற்றுநோய், கரு இரண்டையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் சி.இ.ஏ.

பெரும்பாலான லேப்களில் மில்லி லிட்டருக்கு 5 நானோகிராம் வரை நார்மல் என்று போட்டிருப்பார்கள். புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கல்லீரல் சுருக்க நோய், கணைய அழற்சி, குடல் புண் அழற்சி, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றிலும் உயரலாம். நுரையீரல், இரைப்பை, மார்பகம் போன்ற வேறு இடங்களில் வரும் புற்றுநோய்களிலும் உயரலாம்.

இதற்கு நேர் எதிரான விஷயமும் உண்டு. பெருங்குடல் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு சி.இ.ஏ நார்மலாகவே இருக்கும். நோய் பரவிய பிறகும் சிலருக்கு உயராது. அவர்களுடைய கட்டி அந்தப் புரதத்தை அதிகம் சுரக்காத வகை.

அதனால்தான், நோய் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனை உதவாது. நோயை உறுதிசெய்வது பயாப்ஸி. எந்த ஸ்டேஜ் என்று சொல்வது சி.டி ஸ்கேனும், ஆபரேஷனில் எடுத்த குடல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் ஆராயும் நோய்க்குறியியல் ரிப்போர்ட்டும். பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்த பிறகு, சி.இ.ஏ 2 என்பது 'நோய் இல்லை' என்பதற்கான சான்றிதழ் கிடையாது.

'மாஸ்டர் ஹெல்த் செக்கப்'போடு சேர்த்து 'கேன்சர் பேக்கேஜ்' என்ற பெயரில் சி.இ.ஏ எடுத்துக்கொள்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நார்மல் என்று வந்ததும், மலத்தில் ரத்தம் போவதை 'மூலமாத்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் கொலோனோஸ்கோபியும்தான் நிரூபிக்கப்பட்ட வழிகள்.

அப்படியென்றால் ஏன் எடுக்கிறார்கள்?

ஆபரேஷனுக்கு முன் சி.இ.ஏ அதிகமாக இருந்தவர்களுக்கு, நார்மலாக இருந்தவர்களைவிட நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மிக அதிகமாக இருந்தால் கல்லீரல், நுரையீரல் ஸ்கேன்களை டாக்டர்கள் இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 1,027 பேரைப் பற்றிய ஆய்வு 2018-ல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன்பே சி.இ.ஏ நார்மலாக இருந்தவர்களில் 3 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100-க்குச் சுமார் 90 பேர். முன்பு அதிகமாக இருந்து, ஆபரேஷனுக்குப் பின் நார்மலுக்கு இறங்கியவர்களில் சுமார் 88 பேர். ஏறக்குறைய சமம்! ஆபரேஷனுக்குப் பிறகும் இறங்காமல் இருந்தவர்களில்தான் அது சுமார் 75-ஆகக் குறைந்தது.

ஆக, 'சி.இ.ஏ 18' என்று பார்த்து நிலைகுலைந்துபோன அந்த முதல் வீட்டினருக்கு இதுதான் பதில். அந்த 18, கட்டி உள்ளே இருக்கும்போது எடுத்த எண். கட்டியை எடுத்த பிறகு அது எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் அதிக அர்த்தம் இருக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் சி.இ.ஏ வடிய அவகாசம் வேண்டும். பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் நார்மலுக்கு வந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே எடுத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அதன்பின் ரெகுலர் செக்கப். முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு 5 ஆண்டுகள் முடியும் வரை 6 மாதங்களுக்கு ஒருமுறையும் சி.இ.ஏ பார்ப்பது வழக்கம். நோய் கல்லீரலில் தலைகாட்டினால், நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதற்கு முன்பே இந்த எண் ஏறத் தொடங்கலாம். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால், மறுபடியும் ஆபரேஷன் செய்து குணப்படுத்தும் வாய்ப்பு சிலருக்கு உண்டு.

முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். ஒவ்வொரு லேபும் வேறு வேறு கருவி, வேறு வேறு ரசாயனம் பயன்படுத்தலாம். ஒரே ரத்தத்துக்கு இரண்டு லேபில் இரண்டு எண் வருவது சகஜம். லேப் மாறியதால் வந்த வித்தியாசத்தை நோய் ஏறிவிட்டதாக நினைத்து நடுங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு.

ஹீமோகுளோபின்: கட்டி திருடும் ரத்தம்

பெருங்குடலின் வலதுபக்கம் அகலமானது. அங்கே மலம் இன்னும் நீராகவே இருக்கும். அதனால் கட்டி பெரிதாக வளரும் வரை அடைப்பு ஏற்படாது. சத்தமில்லாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். கழிவறையில் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் களைப்பு, படியேறினால் மூச்சிரைப்பு, முகம் வெளுப்பு. 'வயசாயிடுச்சு' என்று சொல்லிச் சத்து டானிக் குடித்து மாதங்கள் ஓடியிருக்கும்.

ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழ், பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழ் ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆபரேஷனில் கொஞ்சமாவது ரத்தம் இழக்கத்தான் வேண்டும். 8 கிராமோடு ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும் 12 கிராமோடு போகிறவருக்கும் கையிருப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

'அப்போ ரத்தம் ஏற்றிவிடலாமே' என்று கேட்கலாம். அவசியம் என்றால் ஏற்றத்தான் வேண்டும். அதை மறுக்கக் கூடாது. ஆனால், ஆபரேஷனையொட்டி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம் நோய் திரும்புவது சற்று அதிகமாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்றிய ரத்தம்தான் காரணமா, ரத்தம் தேவைப்படும் அளவுக்கு அவர்கள் நோயுற்றிருந்ததுதான் காரணமா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. அதனால் தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்கவே டாக்டர்கள் விரும்புவார்கள்.

ஹீமோகுளோபினோடு சேர்த்து ஃபெரிட்டின் என்ற பரிசோதனையும் எடுப்பார்கள். அது உடம்பின் இரும்புச்சத்துக் கிடங்கு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 30-க்குக் கீழ் இருந்தால் கிடங்கு காலி என்று அர்த்தம். ஆனால், உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

மாத்திரை போதாதா? புற்றுநோய் உண்டாக்கும் அழற்சியால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலிலிருந்து ரத்தத்துக்குள் இரும்பு நுழையும் வாசலைச் சாத்திவிடும். மாத்திரையாக விழுங்கும் இரும்பில் பெரும்பகுதி வீணாகும். அதனால்தான் நரம்பு வழியாக டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றுகிறார்கள். இதுவும் மந்திரம் இல்லை. பெரிய வயிற்று ஆபரேஷன்களுக்கு முன் இப்படி இரும்பு ஏற்றியதால், ரத்தம் ஏற்றும் தேவையோ உயிரிழப்போ குறையவில்லை என்று பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் சொன்னது. ஆனால், ஹீமோகுளோபின் உயர்ந்தது. யாருக்கு, எத்தனை நாள் முன்பு தர வேண்டும் என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

அல்புமின்: தையல் பிடிக்குமா?

கட்டியுள்ள குடல் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைப்பார்கள். அந்த இணைப்பு ஆறாமல் கசிந்தால் மலம் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். பெருங்குடல் ஆபரேஷனில் எந்த சர்ஜனும் முதலில் பயப்படுவது இந்தக் கசிவுக்குத்தான்.

அல்புமின் கல்லீரல் தயாரிக்கும் புரதம். டெசி லிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழ் போனால் கசிவு, காயத்தில் சீழ், நிமோனியா போன்ற சிக்கல்களுக்கான வாய்ப்பு கூடுகிறது. 3-க்குக் கீழ் என்றால் இன்னும் கவலை.

'அல்புமின் குறைவு, முட்டை சாப்பிடுங்க' என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி சரி. சரியாகச் சாப்பிடாதது ஒரு காரணம் என்றால், அழற்சி இன்னொரு காரணம். நோயோடு போராடும் கல்லீரல் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அல்புமினின் ஆயுளும் வாரக்கணக்கில் இருப்பதால் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டதும் எண் ஏறிவிடாது. பாட்டிலில் அல்புமின் ஏற்றி எண்ணை மட்டும் உயர்த்துவதாலும் பெரிய பயன் இல்லை.

கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு இருந்தால், புற்றுநோய் ஆபரேஷனாகவே இருந்தாலும் 7 முதல் 14 நாள்கள் தள்ளிவைத்து, முதலில் ஊட்டம் கொடுங்கள் என்கின்றன ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள். 'கட்டி வளர்ந்துடாதா?' என்று குடும்பம் பதறுவது இயல்பு. பெருங்குடல் புற்றுநோய் பொதுவாக இரண்டு வாரத்தில் நிலைமை தலைகீழாகும் வேகத்தில் வளர்வதில்லை. ஆனால், பலவீனமான உடம்பில் போட்ட தையல் ஐந்தே நாளில் விட்டுவிடலாம். அந்த இரண்டு வாரமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

முட்டை, மீன், பால், தயிர், பனீர், பருப்பு என்று புரதம் சேர்க்கலாம். கட்டியால் குடல் குறுகியிருந்தால் கீரை, சுண்டல், முழுதானியம் போன்ற நார்ச்சத்து அதிகமுள்ள உணவுகளே அடைப்பை உண்டாக்கிவிடலாம். அதனால் டயட்டீஷியனிடம் கேட்டுவிட்டு மெனுவை முடிவு செய்யுங்கள்.

சி.ஆர்.பி: உள்ளே எரியும் நெருப்பு

புற்றுநோய் இருக்கும் இடத்தில் அழற்சி இருக்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1863-லேயே சொன்னார். அந்த அழற்சியை அளக்க உதவுவது சி.ஆர்.பி. இதையும் கல்லீரல்தான் தயாரிக்கிறது.

சி.ஆர்.பி-யையும் அல்புமினையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் எளிய மதிப்பெண் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். சி.ஆர்.பி லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருந்தால் மதிப்பெண் 0. 10-ஐத் தாண்டி, அல்புமின் நன்றாக இருந்தால் 1. சி.ஆர்.பி 10-ஐத் தாண்டி, அல்புமினும் 3.5-க்குக் கீழ் இருந்தால் 2. மதிப்பெண் கூடக் கூட, அதே ஸ்டேஜில் உள்ளவர்களுக்குள்ளும் சிகிச்சையின் பலன் குறைகிறது என்று பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

சாதாரண சளி, பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி எகிறும். ரத்தம் கொடுக்கும் வாரத்தில் காய்ச்சலோ பல்வலியோ இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

செலவில்லாத ஒரு கணக்கு

சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை ரிப்போர்ட்டிலேயே இன்னொரு துப்பு இருக்கிறது. வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் எத்தனை சதவிகிதம், லிம்ஃபோசைட் எத்தனை சதவிகிதம் என்று போட்டிருப்பார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். நியூட்ரோபில் 60, லிம்ஃபோசைட் 30 என்றால் விகிதம் 2. நியூட்ரோபில் 80, லிம்ஃபோசைட் 16 என்றால் 5.

நியூட்ரோபில் அழற்சியின் படை. லிம்ஃபோசைட் புற்றுநோய் செல்களை வேட்டையாடும் படை. முதல் படை பெருத்து இரண்டாவது படை மெலிந்திருப்பது நல்ல அறிகுறி இல்லை. ஆனால், எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சில ஆய்வுகள் 3 என்கின்றன, சில 5 என்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் தொற்று இருந்தாலும் மாறும். இந்த ஒரு விகிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் சிகிச்சையை மாற்றுவதில்லை. நீங்களாகக் கணக்குப் போட்டுப் பயந்துகொள்ளவும் வேண்டாம்.

கிடைத்த நாள்களில் என்ன செய்யலாம்?

சி.இ.ஏ-வை நாம் மாற்ற முடியாது. ஹீமோகுளோபின், ஊட்டம், சர்க்கரை, மூச்சுத்திறன் ஆகியவற்றை மாற்ற முடியும். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரிடம் நடந்த 'பிரீஹேப்' என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன் 4 வாரம் உடற்பயிற்சி, புரத உணவு, மனநல ஆதரவு, தேவைப்பட்டவர்களுக்குப் புகையை விட உதவி என்று தயார்செய்யப்பட்டவர்களில் கடுமையான சிக்கல்கள் 17.1 சதவிகிதம். வழக்கமான முறையில் ஆபரேஷனுக்குப் போனவர்களில் 29.7 சதவிகிதம்.

தினமும் நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, புரத உணவு, சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை இன்றே நிறுத்துவது... இவையெல்லாம் வீட்டிலேயே தொடங்கக்கூடியவை. எதைத் தொடங்கும் முன்பும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பு. திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, காய்ச்சல் என்றால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். மலத்தில் ரத்தம் கொட்டினாலும் அவசரம்தான். ரிப்போர்ட் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புதிய வரவு

கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைத் தேடும் பரிசோதனை இப்போது அதிகம் பேசப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்டேஜ் 2 நோயாளிகள் 455 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. ஆபரேஷனுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் அந்தத் துணுக்குகள் இருந்தால் மட்டும் கீமோதெரபி என்று முடிவெடுத்ததில், கீமோ தேவைப்பட்டவர்கள் 28 சதவிகிதத்திலிருந்து 15 சதவிகிதமாகக் குறைந்தார்கள். 2 ஆண்டு முடிவில் நோய் திரும்பாதவர்களின் அளவு இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். செலவு அதிகமான பரிசோதனை இது. எல்லாருக்கும் தேவைப்படுவதும் இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* ஆபரேஷனுக்கு முன் சி.இ.ஏ எடுத்தாகிவிட்டதா? மறுபடி எப்போது எடுக்க வேண்டும்?

* ரத்தசோகை இருக்கிறதா? இருந்தால் இரும்புச்சத்துக் குறைவுதானா? மாத்திரையா, டிரிப்ஸா?

* அல்புமின், உடல் எடை எப்படி இருக்கின்றன? டயட்டீஷியனைப் பார்க்க வேண்டுமா?

* மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு ஆபரேஷனுக்கு ஏற்றபடி இருக்கிறதா?

* ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது? (நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்தா, ஆயுர்வேத மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.)

* ஆபரேஷனைத் தள்ளிவைத்தால் எத்தனை நாள்? அந்த நாள்களில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஒரு ஃபைல் போட்டு, ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிவையுங்கள். மொபைலிலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து சி.இ.ஏ 6 என்று வந்தால், அது ஏறியதா, எப்போதும் இருப்பதுதானா என்று டாக்டர் முதலில் தேடப்போவது அந்தப் பழைய காகிதத்தைத்தான்.